ஓவர்சியர் சாரின் மொபெட்டில் காற்று இறங்கிய நாள்

பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு: செவ்வாய்க்கிழமையான நேற்று, எங்கள் தெரு நாய் மணி ஒருமுறைகூடக் குரைக்கவில்லை.

இதெல்லாம் ஒரு சேதியா என்று கேட்பவர்கள், காட்டுமன்னார்கோயில் ரோட்டிலுள்ள எங்கள் தெருவுக்குப் புதியவர்கள். செவ்வாய்தோறும் ஓவர்சியர் தணிகாசலம் சாரின் மொபெட்டைப் பார்த்துத்தான் அது குரைக்கும். ஞாயிறு காலை கடலூரில் சார் இறந்துபோனார். போனை எடுத்தவன் நான்தான். அதிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. வீட்டுக்குள் போகிறேன், வெளியே வருகிறேன், மறுபடியும் போகிறேன். அந்த வீடே அவரால் வந்ததுதானே?

குடிசையைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் வீடு கட்டினால் அரசாங்கம் மானியம் தரும். மொத்தமாகத் தராது. அடித்தளம், ஜன்னலுக்கு மேலே ஓடும் லிண்டல், கூரை என்று கட்டக் கட்டத்தான் தவணை வரும். ஒவ்வொரு கட்டத்திலும் வீட்டுக்காரர் சுவருக்கு முன்னால் நிற்க, சார் படம் எடுப்பார். அடித்தளம் பார்க்க அவர் வந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கேலி காட்டியவன் நான். அம்மா விறைத்து நின்றதைப் பார்த்து, “செவுருதாம்மா நேரா நிக்கணும், நீங்க கொஞ்சம் சாஞ்சு நில்லுங்க” என்றார்.

லிண்டல் நேரத்தில் ஐப்பசி நெருங்கிவிட்டது. யாருடைய காதணி விழாவுக்கோ அடித்த பேனரைக் கூரையாகக் கட்டி, அதன் கீழே குடியிருந்தோம். சார் வந்தபோது மணி மூன்று. பலகை அடித்துத் தயார், கான்கிரீட்தான் போடவில்லை. கொத்தனார் எங்கள் மாமா.

“நாலரைக்கு ராவு காலம் போவட்டும் சார். இப்ப போட்டா வூடு வெளங்காது.”

“மேஸ்திரி, ராவு ஒங்க ஜன்னலு மேலயா குந்திக்கினு இருக்கு? நாலு மணிக்கு நான் கெளம்பிடுவேன். லிஸ்ட்டு காலைல கடலூரு போவுது. இன்னைக்கு படம் இல்லன்னா, தவணை மழைக்கு அப்புறந்தான்.”

“அண்ணே, கைய வைண்ணே” என்று அம்மா கெஞ்சினாள். மாமா அசையவில்லை.

நான் நழுவிப்போய் மொபெட்டின் பின்சக்கர வால்வைத் திருகினேன். மூடி என் பைக்குள் போனது.

“இன்னாடா, காத்து போயிடுச்சா?”

“ஆமா சார். வெயிலு ஜாஸ்தி.”

என்னை ஒரு நிமிடம் பார்த்தார். “அப்ப போய் டீ சொல்லு” என்று செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

நாலரைக்கு மாமா கரண்டியைத் தொட்டார். பொழுது சாய்வதற்குள் லிண்டல் முடிந்தது, அம்மா படத்தில் நின்றாள். சார் மொபெட்டைச் சைக்கிள் கடைவரை தள்ளிக்கொண்டே போனார். தவணை வந்து, மழைக்கு முன் கூரையும் போட்டாயிற்று. ஒரே திருகில் வீடு கட்டியவன் என்று அன்றிலிருந்து சொல்லித் திரிந்தேன். இந்தத் தெருவில் அதைக் கேட்காத காது இல்லை.

திங்களன்று கடலூரில் அவர் வீட்டுக்குப் போனோம். யாரும் பார்க்காமல் மூடியை மாட்டிவிடலாம் என்று மொபெட்டருகே குனிந்தேன். அங்கே வேறு மூடி இருந்தது. அவர் மகன் வந்து வண்டியின் பக்கப் பெட்டியைத் திறந்து காகிதங்களை எடுத்தார். அடியில் காற்றடிக்கும் பம்பு.

“இது எப்பலேர்ந்து இருக்குண்ணே?”

“வண்டி வாங்குன நாள்லேர்ந்து. பம்பு இல்லாம அப்பா தெருவத் தாண்ட மாட்டாரு.”

ஆகவே தெருக்காரர்களே, என் பெருமைகளையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அன்று அவரை நான் நிறுத்தவில்லை. அவராகத்தான் உட்கார்ந்தார். எனக்கென்று மிச்சம் அந்த மூடி மட்டும்தான். சட்டைப் பையில் இருக்கிறது. யாரும் எடுத்துக் காட்டச் சொல்லாதீர்கள்.