கரண்டு போனால் கேட்கும் குரல்

கொல்லிமலைக்கு மாற்றல் என்றதும் ஊரில் எல்லோரும் சொன்ன ஆறுதல் ஒன்றுதான்: "குளுகுளுன்னு இருக்குமுங்க, போய்ட்டு வாங்க." சொன்னவர்களில் ஒருவர்கூட அங்கே ஒரு மழைக்காலத்தைக் கழித்தவர் இல்லை. நான் காளப்பநாயக்கன்பட்டிக்காரன். மலையை அடிவாரத்திலிருந்தே பார்த்து வளர்ந்தவன். கீழே நின்று பார்க்கிறவரைக்கும் எந்த மலையும் அழகுதான்.

எனக்குத் துணை மின் நிலையத்தில் ஆபரேட்டர் வேலை. கீழேயிருந்து வருகிற கரண்டை வாங்கி மலையின் ஒவ்வொரு பக்கத்துக்கும் பிரித்து அனுப்புகிற இடம் அது. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி லைன். அதை ஃபீடர் என்போம். ஏதாவது ஒரு ஃபீடரில் மரக்கிளை விழுந்தால் அது மட்டும் டப்பென்று நின்றுவிடும், அந்தப் பக்கத்து ஊர்களெல்லாம் இருட்டாகிவிடும். உடனே என் மேசைமேல் இருக்கும் போன் அடிக்கும். "எப்ப வரும்?" என்பார்கள். நான் சாப்பிட்டேனா என்று கேட்க ஓர் ஆளில்லை. கரண்டு எப்போது வரும் என்று கேட்க மலை முழுக்க ஆள் இருந்தது.

அப்போது எனக்கு நாற்பதை நெருங்கும் வயது. கல்யாணம் ஆகவில்லை. மலையில் வேலை பார்க்கிறவனுக்குப் பெண் கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை; வந்த ஒன்றிரண்டு ஜாதகமும் பொருந்தவில்லை. மற்ற ஆபரேட்டர்கள் குடும்பஸ்தர்கள். "உங்களுக்கு என்னங்க, தனிக்கட்டை" என்று சொல்லியே சாயங்கால ஷிப்டையெல்லாம் என் தலையில் கட்டிவிட்டார்கள். தனிக்கட்டைக்குத்தான் சாயங்காலம் கஷ்டம் என்பது குடும்பஸ்தர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொன்னால் பரிதாபப்படுவார்கள், அது அதைவிடக் கஷ்டம்.

கண்ட்ரோல் ரூமில் டிவி வைக்கக் கூடாது. வைத்திருந்தேன். சின்னக் கறுப்பு வெள்ளை டிவி. கேபிள்காரர் தன் தயவில் ஒரு ஒயர் இழுத்துவிட்டிருந்தார். அவருடைய டிஷ்ஷுக்குக் கரண்டு நிற்காமல் நான் பார்த்துக்கொள்வேன் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. மழையோடு பேசி முடிவு செய்கிற அதிகாரம் எனக்கு இருப்பதாக நினைத்தார் போலிருக்கிறது.

ஏழரை மணிக்கு ஒரு சீரியல். ஒரு மில் முதலாளி, அவருக்கு இரண்டு மருமகள்கள். மூத்தவள் நல்லவள், ஆகையால் அழுவாள். இளையவள் கெட்டவள், ஆகையால் கண்ணாடி முன்னால் நின்று தனக்குத்தானே திட்டம் சொல்லிக்கொள்வாள். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று பார்க்கத் தொடங்கியவன், போகப்போக அந்த வீட்டில் ஒருவனாகிவிட்டேன். இளையவள்மேல் எனக்கு வந்த கோபம் என் மேலதிகாரிகள்மேல்கூட வந்ததில்லை.

ஓர் ஐப்பசி மழையில் பைல் நாடு என்கிற மலைப்பக்கத்து ஊர்களுக்குப் போகிற ஃபீடர் நின்றது. அது எப்போதும் அப்படித்தான். காப்பித் தோட்டங்களுக்கு நடுவே சில்வர் ஓக் மரங்களை உரசிக்கொண்டு போகிற லைன். பெருங்காற்றே வேண்டாம், பெருமூச்சு விட்டாலே நின்றுவிடும். போன் அடித்தது. ஒரு பெண் குரல்.

"ஏனுங்க சார், கரண்டு எப்ப வருமுங்க?"

"கிளை விழுந்து கிடக்குதும்மா. லைன்மேன் போயிருக்காருங்க. ஒரு மணி நேரம் ஆகும்."

"போச்சுங்க. இன்னைக்குத்தான் மூத்தவ மாமனார்கிட்ட உண்மையச் சொல்ற நாளு. நேத்தே போட்டுக் காமிச்சாங்க."

அந்த நேரம் பார்த்து என் முதுகுக்குப் பின்னால் சீரியலின் பாட்டு தொடங்கியது.

"ஏனுங்க, அங்க ஓடுதுங்களா?"

கரண்டு ஆபீஸில் கரண்டு இருக்காதா என்ன. "ஓடுதுங்க" என்றேன், ஏதோ திருட்டு பிடிபட்டதுபோல.

"அப்பக் கொஞ்சம் சொல்லுங்களேன்."

சொன்னேன். மூத்தவள் மாடிப்படியில் நிற்கிறாள், மாமனார் பேப்பர் படிக்கிறார், இளையவள் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்கிறாள் என்று, கோயில் திருவிழா மைக்கில் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னேன். "என்ன சேலை கட்டியிருக்கறா?" என்று கேட்டார். "என்ர டிவியில எல்லாச் சேலையும் சாம்பல் கலருதாங்கம்மா" என்றேன். சிரித்தார். அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்து நான் சொன்ன எதற்கும் அதுவரை யாரும் சிரித்ததில்லை.

அதிலிருந்து அந்த ஃபீடர் ஏழரை மணியை ஒட்டி நின்றால் அவரிடமிருந்து போன் வரும். கொஞ்சம் கொஞ்சமாக அவரைப்பற்றித் தெரிந்தது. பிறந்த ஊர் மலைக்குக் கீழே, புளியஞ்சோலைக்குப் பக்கம். கட்டிக்கொண்டு மலைக்கு வந்தவர். கணவர் சொந்த லாரி வைத்து ஓட்டுகிறார். வடக்கே லோடு ஏற்றிப் போனால் திரும்ப மூன்று வாரம் ஆகும். வழியிலிருந்து கூப்பிடுவதற்காகப் போன் வைத்துக்கொடுத்திருந்தார். பெரிய டிஷ், கலர் டிவி, எல்லாம் வாங்கிப் போட்டிருந்தார். "ஊட்ல எல்லாம் இருக்குதுங்க" என்று அவர் சொல்வார். ஆள் மட்டும் இல்லை என்பதை அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

விளம்பரம் வரும்போது பழைய நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேசுவோம். வெள்ளிக்கிழமை ராத்திரிப் பாட்டு, ஞாயிற்றுக்கிழமைச் சினிமா, ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் கும்பிட்டபடி பார்த்த இந்திப் புராணத் தொடர். அவர் ஊரில் ரைஸ் மில்காரர் வீட்டில்தான் டிவியாம். ஊரே வாசலில் உட்கார்ந்திருக்குமாம்.

"தடங்கலுக்கு வருந்துகிறோம்னு ஒரு போர்டு போடுவாங்களே, எங்கம்மாவப் பெத்த அப்புச்சி அதையும் ஒரு நிகழ்ச்சின்னு நெனச்சுட்டு அசையாம பாத்துட்டு உக்காந்திருப்பாருங்க. இப்ப எனக்கு அந்தப் போர்டுக்குப் பதிலா நீங்க."

எனக்குப் பழைய தொடர்கள்தான் உசத்தி. வாரத்துக்கு ஒருநாள் வரும், பதிமூன்று வாரத்தில் மரியாதையாக முடிந்துபோகும். இப்போது வருவதெல்லாம் ஜவ்வு என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"முடிஞ்சு போற கதை எனக்கு வேண்டாமுங்க. தெனம் அந்த நேரத்துக்கு நாலு பேரு ஊட்டுக்குள்ள வாராங்கல்ல? அது போதும்."

ஒருமுறை மில் முதலாளியாக நடித்தவரை மாற்றிவிட்டார்கள். 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று எழுத்துப் போட்டு, வேறு ஒருவரை அதே நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மூத்தவள் புது ஆளைப் பார்த்து "மாமா" என்று கூப்பிட்டு அழுதாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. போனில் கேட்டுக்கொண்டிருந்தவர் சிரிக்கவில்லை.

"எங்க ஊட்டுக்காரரு போன மாசம் தாடியோட வந்து நின்னாருங்க. எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. யாரோ மாத்தி அனுப்பிட்டாப்பல."

சொல்லிவிட்டு, "அவரு கூப்பிட்டா லைன் கெடைக்காதுங்க, வெச்சர்றேன்" என்று வைத்துவிட்டார். எப்போதும் அதைச் சொல்லித்தான் வைப்பார்.

கரண்டு ஒழுங்காக இருக்கிற வாரங்களில் போன் வராது. அந்த ஃபீடரை நிறுத்துகிற கைப்பிடி என் நாற்காலியிலிருந்து எழுந்தால் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. ஏழேகால் மணிக்கு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. தொட்டதில்லை. அந்த லைனில் ஆஸ்பத்திரி இருந்தது, படிக்கிற பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் நினைப்பு வராமல் இருக்க நான் சாமியாரும் இல்லை.

எங்கள் லைன்மேன் அடிவாரத்துக்காரர், ஐம்பது தாண்டியவர், லைனைப் பெற்ற பிள்ளைபோலப் பார்ப்பார். ஒவ்வொரு மழைக்கும் அந்தச் சில்வர் ஓக் காட்டுக்குள் ஏறி இறங்கி அவருக்கு முட்டி தேய்ந்துபோனது. லைனை ரோட்டோரமாக மாற்றிப் போட வேண்டும் என்று அவரும் நானும் எஞ்சினியர் வரும்போதெல்லாம் நச்சரித்தோம். ஒருவழியாக மாற்றினார்கள். புதுக் கம்பம், புதுக் கம்பி. லைன்மேன் தேங்காய் உடைத்து, கம்பத்துக்குப் பொட்டு வைத்து, எனக்கும் ஒரு வாழைப்பழம் கொடுத்தார்.

அந்த வருஷ மழையில் பைல் நாட்டு ஃபீடர் ஒருநாள்கூட நிற்கவில்லை. என் வேலையில் எல்லாம் சரியாக நடந்தால் போன் அடிக்காது. நானே கேட்டு வாங்கிய லைன். குறை சொல்லவும் முடியவில்லை. ஏழரை மணிக்கு டிவியைப் பார்த்துக்கொண்டு, மூத்தவள் என்ன செய்கிறாள் என்று மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் போன் வந்தது. அதே குரல்.

"கரண்டு இல்லீங்க சார்."

மீட்டரைப் பார்த்தேன். ஃபீடர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஊருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போயிருக்கும் என்று நினைத்து, கதையைச் சொன்னேன். அப்போது லைன்மேன் டீ குடித்துக்கொண்டு பக்கத்தில்தான் இருந்தார். யார் வீடு என்றார், லாரிக்காரர் வீடு என்றேன். மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஃபியூஸெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க" என்றார். அடுத்த வாரமும் போன் வந்தது. அதற்கு அடுத்த வாரமும் வந்தது.

அப்படி ஒருநாள் பேசும்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினோம். ரிசீவருக்குள் ஒரு பெண் அழுதாள். என் டிவியிலும் அதே பெண் அதே அழுகையை அழுதுகொண்டிருந்தாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. "மூத்தவ அழுவறாங்க" என்றேன்.

"அப்படிங்களா" என்றார்.

அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க வேண்டியதில்லை. ஒருவர் கரண்டு கேட்காமல், வேலை சொல்லாமல், என்னோடு பேசுவதற்காகவே என்னைக் கூப்பிடுகிறார். அதற்குப் பிறகு அவர் கண்முன்னால் ஓடிக்கொண்டிருப்பதையே அவருக்கு இன்னும் விலாவாரியாகச் சொன்னேன். அவரும் தெரியாததுபோலக் கேட்டுக்கொண்டார். ஒருநாள், "இளையவ புதுச் சேலை கட்டியிருக்கறா" என்றேன். "பச்சைங்க" என்றார். பிறகு நான் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தேன்.

லைன்மேனுக்குத்தான் பொறுக்கவில்லை. "புது லைனுங்க. அதுக்குள்ள கம்ப்ளைண்டுன்னா என்ர பேருதானுங்க கெடும்" என்றார். சின்ன விஷயம், விட்டுவிடுங்கள் என்றேன். ஏன் விட வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அவர் நல்லவர்தான். ஆனால் டீக்கடையில் உட்காருகிறவர். கோளாறு நடக்கிற நேரத்திலேயே போய்ப் பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும் என்று அவர் எனக்குச் சொல்லாமலே முடிவு செய்திருக்கிறார். நல்ல லைன்மேன் அப்படித்தான் செய்வான்.

அடுத்த தடவை போன் வந்து நான் பாதிக் கதையில் இருந்தேன். மறுமுனையில் கதவு தட்டும் சத்தம். இருங்க என்று சொல்லி ரிசீவரைக் கீழே வைத்துவிட்டுப் போனார். கதவு திறந்தது. எனக்கு மிகவும் தெரிந்த குரல் கேட்டது.

"ஏனுங்கம்மா, கரண்டு ஆபீஸ்ல இருந்து வாரேனுங்க. கம்ப்ளைண்டு இந்த ஊடுதானுங்களே? கரண்டு இருக்குதுங்களே. டிவி ஓடுது."

"இப்பத்தாங்க வந்துச்சு."

"இல்லீங்களே. நான் டிரான்ஸ்ஃபார்மர்கிட்ட நின்னு பாத்துட்டுத்தானே வாரேன். நிக்கவே இல்லீங்களே."

ரிசீவரை எடுக்கும் சத்தம் கேட்டது. ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். நானாவது ஏதாவது சொல்லியிருக்கலாம். வைத்துவிட்டார். பட்டென்று வைக்கவில்லை, மெதுவாகத்தான் வைத்தார்.

லைன்மேன் திரும்பி வந்து, "அந்தம்மா எதுக்குங்க பொய் சொல்லோணும்? ஒண்ணும் புரியலீங்க" என்றார். எனக்கும் புரியவில்லை என்றேன். அவர்மேல் கோபப்பட ஒரு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை. நனைந்து வந்திருந்தார், டீ போட்டுக் கொடுத்தேன்.

அதோடு அந்தப் பெண்ணிடமிருந்து போன் வருவது நின்றது. அவர் வீட்டு நம்பரைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. கண்டுபிடித்து என்ன சொல்வது? 'பொய் சொன்னாலும் பரவாயில்லை, கூப்பிடுங்கள்' என்றா? அடுத்தவர் மனைவியிடம் ஆபீஸ் போனில் அப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அந்தச் சீரியல் இன்னும் ஒரு வருஷம் இழுத்துவிட்டு முடிந்தது. அதன் கடைசி நாளன்று மலையில் பேய்க்காற்று. புது லைன், பழைய லைன் என்று பார்க்காமல் மரங்கள் விழுந்து, ஏழு மணிக்கெல்லாம் எல்லா ஃபீடரும் நின்றுவிட்டன. கேபிள்காரர் தன் வீட்டில் ஜெனரேட்டர் ஓட்டினார்; என் டிவியில் மட்டும் படம் வந்தது. போன் விடாமல் அடித்தது. ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் பாய்ந்து எடுத்தேன். அந்தப் பெண்ணின் ஊரிலிருந்தும் ஒருவர் பேசினார்.

"சார், எப்ப வருமுங்க?"

காலையில்தான் வரும் என்றேன். பிறகு எனக்கே தெரியாமல், "இங்க சீரியல் ஓடுதுங்க. கடைசி நாளு. உங்க ஊர்ல யாராவது கேட்டா, கூப்பிடச் சொல்லுங்க, சொல்றேன்" என்றேன். அவர், "சரிங்க சார்" என்று சொல்லி வைத்துவிட்டார். குடித்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

எட்டு மணிக்கு சுபம் என்று போட்டார்கள். அதுவரை டிவியின் சத்தத்தைக் குறைக்காமல் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குக் கரண்டு நிஜமாகவே இல்லை. கூப்பிட்டு என்ன நடக்குதுங்க என்று கேட்க அவருக்குப் பொய் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அப்படியும் அவர் கூப்பிடவில்லை.