அத்தானின் கோழிகளும் மாடியம்மாவின் எலுமிச்சையும்

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுக்க அடுத்தவர்களை மேலே ஏற்றி இறக்க வழி செய்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கொல்லைப்புறத்தில் கோழிகளோடு மண்ணில் கிடப்பார். நான் மச்சினி, அவரைக் கேலி செய்வது என் பிறப்புரிமை. இந்தப் பதினெட்டு வருடத்தில் அதில் நான் ஒரு குறையும் வைத்ததில்லை.

கோழிகள் ஐந்து. தரைத்தளம், ஒண்ணாவது, ரெண்டாவது, மூணாவது, மொட்டைமாடி என்று பெயர். "பெத்த பிள்ளைக்குப் பேர் வைக்க ஒரு மாசம் யோசிச்ச மனுஷன், இதுங்களுக்கு ஒரே நிமிஷத்துல வச்சுட்டாரு" என்று அக்கா இன்றும் அங்கலாய்ப்பாள்.

கோழி வந்ததே நத்தையால்தான். வீடு மாடியம்மாவுடையது. தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மேலே தனியாக இருக்கிறார். கீழே அக்கா குடும்பமும் நானும். கொல்லைப்புறம் இரண்டு வீட்டுக்கும் பொது. ஒரு மழைக்காலத்தில் நத்தைகள் கீரைப்பாத்தியைக் காம்பு மட்டும் மிச்சம் வைத்துத் தின்று தீர்த்தன. அத்தான் விஷக்குருணை வாங்கி வந்து தூவினார். மறுநாள் குழாயடியில் ஒரு குருவி செத்துக் கிடந்தது. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. மிச்சக் குருணையைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் அட்டைப்பெட்டியில் ஐந்து குஞ்சுகளோடு வந்து நின்றார்.

அவை வளர்ந்ததும் நத்தை, புழு, கரையான் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. காய்கறித் தோலும் மீந்த சோறும் அவற்றின் வயிற்றுக்குப் போனதால் எங்கள் குப்பை வாளி பாதிகூட நிறைவதில்லை. எதிர்வீட்டுத் தையல்காரர் தினமும் சாயங்காலம் சருகைக் கொளுத்தித் தெருவையே இரும வைப்பார். அத்தான் போய், "எரிக்காதீங்கண்ணே, எனக்குக் குடுங்க" என்று மூட்டை மூட்டையாக வாங்கிவந்து கூண்டுக்குள் பரப்பினார். கோழிகள் சருகையும் எச்சத்தையும் கிளறிக் கிளறிக் கலந்தன. அதை வாரி மூலையில் குவித்து வைத்தால், மாதங்கள் போனதும் கறுகறுவென்று எரு. அதைத் தின்று வளர்ந்த கத்தரிக்காயைப் பார்த்து எனக்கே பொறாமை வந்தது.

கோழிக்கு எல்லாப் பாத்திக்கும் அனுமதி கிடையாது. அறுவடை முடிந்த பாத்தியில் இரண்டு நாள் கிளற விடுவார். நாற்று இருக்கும் பாத்திக்கு வலை கட்டி, வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த 'பராமரிப்புப் பணி நடைபெறுகிறது' பலகையை மாட்டிவிடுவார்.

"கோழி எந்த ஸ்கூல்ல படிச்சுது அத்தான்?" என்றேன்.

"போன தடவை நாத்த மிதிச்சது கோழியா?" என்றார். மிதித்த கால் என்னுடையது.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எலுமிச்சை பூத்தது. மாடியம்மா விதை போட்டு முளைக்க வைத்த செடி. ஏழு வருடம் வெறும் இலையாக நின்று, இந்த வருடம்தான் முதல் மொட்டு விட்டது. காலையில் காப்பி டம்ளரோடு இறங்கி வந்து, செடி முன்னால் நின்று தனக்குள் சிரித்துக்கொள்வார்.

அத்தானுக்குக் கை சும்மா இருக்குமா? அந்தச் செடிக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும். பழைய எரு தீர்ந்திருந்தது. கூண்டின் அடியிலிருந்து அந்த வாரத்துப் புது எச்சத்தை இரண்டு கூடை வழித்து அடிமரத்தைச் சுற்றிக் கொட்டினார். லிஃப்ட் சங்கதிதான் அவர் மண்டையில்: பழைய கிரீஸை யாராவது போடுவார்களா? புதுசு என்றால் இன்னும் வேகமாக வேலை செய்யும்.

வேலை செய்தது. ஐந்தாம் நாள் இலையெல்லாம் ஓரம் கருகிச் சுருண்டது, பூ மொத்தமும் உதிர்ந்தது. அத்தானுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்றுப் பண்ணைக்காரரைக் கையோடு கூட்டி வந்தார்.

"பச்சை எருவைப் போட்டு வேரை வேக வச்சுட்டீங்களே! மாசக்கணக்குல மக்கினாதான் அது எரு, அதுவரைக்கும் நெருப்பு. எல்லாத்தையும் வழிச்சு எடுத்துட்டு நல்லாத் தண்ணி விடுங்க. பொழச்சா பொழைக்கும்."

மூன்று நாள் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தார். மாடியம்மா வெயிலில் கருகியது என்று நினைத்துக்கொண்டார் போல, ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அத்தானை அரித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் ஐந்து கோழிகளும் பெட்டிகளுக்குள். அவரோடு வேலை பார்க்கும் ஒருவர் தோட்டம் வைத்திருக்கிறார், பத்து மணிக்கு வந்து எடுத்துப்போவாராம்.

"கோழி இருந்ததாலதான இப்படி ஆச்சு? இதுங்கள வச்சுக்கிட்டு அந்தம்மா மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்றார். நாளெல்லாம் கோழியைத் திட்டும் அக்கா, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்குக் கவலை கோழிகளைப் பற்றி இல்லை. அவை இல்லாமல் இந்த மனிதர் சாயங்காலம் எங்கே போய் உட்காருவார்?

மாடியம்மா டம்ளரோடு இறங்கி வந்தார். அத்தான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் ஒப்பித்தார்: கூடை, கிரீஸ், வேர், பத்து மணி. மாடியம்மாவின் முகம் சுருங்கியது. நேராகச் செடியிடம் போய், ஒரு கிளையின் பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளே பச்சை இருந்தது.

"இந்த வருஷம் காய் போச்சு" என்றார். "ஏழு வருஷம் காத்திருந்தவளுக்கு இன்னொண்ணு பெரிசில்ல."

பிறகு பெட்டிகளைப் பார்த்தார்.

"கூடையில அள்ளிக் கொட்டினது யாரு, கோழியா?"

"நான்தாம்மா."

"அப்ப யாராவது போகணும்னா நீங்க போங்க தம்பி. கோழிங்க இருக்கட்டும்."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அத்தான் சிரிக்கவில்லை. பெட்டிக் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தவர் அப்படியே படியில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். கேலி செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு வாய்க்காது. ஆனால் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக் கொடுக்கத்தான் தோன்றியது.