பதினேழாம் நம்பர் அத்தர்

இந்திஸாருக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். அந்த மூக்குதான் அவளுக்குச் சோறு போட்டது. ஷுப்ரா பேட்டையில் அவள் இருந்த தெருவில், ரொட்டிக்கடை வரிசையில் நடுவே நுழையப் பார்க்கிறவன் முதலில் அவள் நிற்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நுழைவான்.

எழுபத்து மூன்றில், யுத்தம் நடந்த அக்டோபரில் பிறந்தவள். வெற்றி என்று அர்த்தம் வருகிற பேராகப் பார்த்து அப்பா வைத்தார். பள்ளிக்கூடத்தில் அவள் வகுப்பில் மட்டும் மூன்று இந்திஸார்கள். மற்ற இரண்டு பேரும் சாதுக்கள். "வெற்றியெல்லாம் பேருல மட்டும்தான், மத்த நேரமெல்லாம் சண்டைதான்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கிறாளே என்று பக்கத்தில் போய்விடக் கூடாது.

பதினெட்டு வருஷமாக ஓர் அத்தர் கடையில் வேலை. சுவர் முழுக்கக் கண்ணாடிப் புட்டிகள். ஒன்றிலும் பேர் கிடையாது, நம்பர்தான். பாரிஸில் பெரிய பேர் போட்டு, ஆள் உயர விளம்பரம் வைத்து விற்கிறார்களே, அந்த வாசனைகளின் சாயலில் கலந்த எண்ணெய்கள். பேரை எழுதினால் வழக்கு வரும் என்று முதலாளிக்குப் பயம். எழுதாவிட்டால் என்ன, வருகிற பெண்களுக்கு எல்லாம் தலைகீழ்ப் பாடம். "அந்த ரோஜாவும் மல்லிகையும் சேர்ந்தது, சினிமாக்காரிங்க போடுறது, அதுல மூணு மில்லி குடு" என்பார்கள். இந்திஸார் ஊசிக்குழலில் உறிஞ்சி, சுண்டுவிரல் நீளச் சீசாவில் விட்டு, மூடியை அமுக்கிக் கொடுப்பாள். ஒரு வேளைக்கு ஃபலாஃபல் வடையும் ரொட்டியும் வாங்குகிற காசில் ஒரு மாசம் மணக்கலாம்.

ஒரு நாள் ஸமாலெக் பக்கத்துப் பணக்காரி ஒருத்தி காரை நிறுத்தி இறங்கி வந்தாள். புட்டியை மோந்து பார்த்துவிட்டு உதட்டைச் சுழித்தாள்.

"இது காப்பிதானே?"

"ஆமாங்க, காப்பிதான். உங்க ஒரிஜினல் மத்தியானத்துக்குள்ள பறந்து போயிடும். என் காப்பி நாளைக்குக் காலையில தலையணையில இருக்கும். வேணுமா வேணாமா, சீக்கிரம் சொல்லுங்க, பின்னால ஆளு நிக்குது."

பணக்காரி இரண்டு சீசா வாங்கிக்கொண்டு போனாள். அன்று முழுக்க இந்திஸாருக்கு ஆறவில்லை. ரோஜாப்பூ என்ன, இவங்க அப்பன் வீட்டுத் தோட்டத்தில் மட்டும்தான் பூக்குதா? பஸ்ஸில் இடிபட்டுப் போகிறவள், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள், அவளுக்கெல்லாம் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு இருந்தால் யாருக்கு என்ன குடிமுழுகிப் போச்சு?

அவள் போட்டுக்கொண்டது பதினேழாம் நம்பர். கல்யாணத்துக்கு முன்னால், இதே கடையில் காசு கொடுத்து வாங்கின காலத்திலிருந்தே அதுதான். மேலே ரோஜா, அதற்குக் கீழே மல்லிகை, அடியில் லேசாகச் சந்தனம். காலையில் மணிக்கட்டில் ஒரு தீற்று, காதுக்குப் பின்னால் ஒரு தீற்று. உள்ளங்கையில் ஒட்டியிருக்கிற மிச்சத்தை, வேலைக்குக் கிளம்பி நிற்கிற புருஷன் ஸப்ரியின் கம்பளிச் சால்வையில் துடைத்துவிடுவாள். ஸப்ரி மைக்ரோபஸ் ஓட்டுகிறவர்.

"ஏய், நான் வண்டி ஓட்டப் போறேனா, மாப்பிள்ளை ஊர்வலம் போறேனா?" என்று தினமும் கத்துவார். கத்திக்கொண்டே அவளுக்கு எட்டும்படி கழுத்தைக் குனிந்து கொடுப்பார். வண்டியில் ஏறுகிறவர்கள், "அண்ணே, இன்னைக்கு யாருக்குக் கல்யாணம்?" என்று கிண்டல் பண்ணுவார்கள். இருபத்தாறு வருஷம் இந்தக் கூத்து நடந்தது.

போன நவம்பர் கடைசியில் ஸப்ரி வண்டியை ஒழுங்காக ஓரங்கட்டி, கைப்பிரேக் போட்டு, ஸ்டியரிங் மேல் சாய்ந்தார். அவ்வளவுதான். பதினான்கு பயணிகளுக்கு ஒரு கீறல் கிடையாது. அடக்கம் முடிந்த பிறகும் இந்திஸாரின் கோபம் அடங்கவில்லை. "வண்டிய நிறுத்தத் தெரிஞ்ச மனுஷனுக்கு ஒரு போன் பண்ணத் தெரியலையே" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அழுகை வர வேண்டிய இடத்திலெல்லாம் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

புருஷனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தா ஆரம்பித்தது. நான்கு மாசம் பத்து நாள். கறுப்பைத் தவிர வேறு நிறம் கூடாது, கண்ணுக்கு மை கூடாது, வாசனை கூடவே கூடாது. வயிற்றுப்பாட்டுக்காகப் பகலில் வேலைக்குப் போய்வரலாம், பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும் என்று பள்ளிவாசல் இமாம் சொன்னார். விற்பதற்காகத் தொடலாம், பூசிக்கொள்ளக் கூடாது என்றார். இந்திஸார் அதற்கும் மேலேயே போனாள். கடையில் ரப்பர் கையுறை. மாற்றிக்கொள்ள ஒரு தனிக் கறுப்பு அங்கி, அது கடையிலேயே தொங்கும். கிளம்பும் முன் முழங்கை வரைக்கும் ஆலிவ் எண்ணெய்ச் சோப்பு. இருபத்தாறு வருஷம் மணந்தவள், வெறும் சோப்பு நாற்றத்தோடு வீடு வந்து சேர்ந்தாள்.

இது எதுவும் நாத்தனார் நஈமாவுக்குப் போதவில்லை. ஸப்ரிக்கு அக்கா. அதே தெருவில் மூன்று வீடு தள்ளி இருக்கிறாள். "அத்தர்க்கடைக்காரி இத்தா இருக்காளாம்! மீன்கடைப் பூனை நோன்பு பிடிச்ச மாதிரி" என்று மாடியிலிருந்து மாடிக்குச் சொல்லி வைத்தாள். இந்திஸார் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டாள். அவள் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்றே ஒன்று, மகள் ரிஹாம்.

ரிஹாமுக்கு வந்திருந்த சம்பந்தம் நல்ல சம்பந்தம். பையனுக்கும் பெண்ணுக்கும் மனசு ஒத்துப்போன சம்பந்தம். ஆனால் பையனின் அம்மா தௌலத், ஊர்ப் பேச்சுக்குப் பயந்தவள். "எங்களுக்கு நகை நட்டு வேணாம், ஒரு சொல்லு வரக் கூடாது" என்று முதல் நாளே சொன்னவள். நாற்பதாம் நாள் ஓதலுக்கு வருகிறேன், இத்தா முடிந்ததும் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

நாற்பதாம் நாள் வந்தது. ஜனவரிக் குளிர். சின்ன அறையில் இருபது பெண்கள், எல்லோரும் கறுப்பு. கதவை அடைத்து, நடுவில் கேஸ் அடுப்பைக் கணப்புக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். அலமாரி மேல் ரேடியோவில் ஓதல். ரிஹாம் சர்க்கரை போடாத காப்பியைத் தட்டில் கொண்டுவந்தாள். தௌலத் நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

நஈமா கடைசியாக வந்தாள். அவள் தோளில் ஸப்ரியின் சால்வை. வண்டியிலிருந்து கொண்டுவந்து ஆணியில் மாட்டியிருந்ததை, அடக்கத்தன்று எல்லோரும் அழுதுகொண்டிருந்த நேரத்தில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். இந்திஸார் நாற்பது நாளாக அதை வீடு முழுக்கத் தேடியிருந்தாள். பிடுங்கிவிடக் கை போனது. ஆனால் தௌலத் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்திஸார் கோபத்தை விழுங்கிக்கொண்டாள். நஈமா கணப்புக்குப் பக்கத்திலேயே, இந்திஸாரை ஒட்டினாற்போல உட்கார்ந்தாள்.

ஓதல் பாதியில் நஈமா மூக்கை உறிஞ்சினாள். திரும்பவும் உறிஞ்சினாள்.

"என்ன வாசனை இது?"

 இந்திஸாரின் மூக்குக்கும் அது வந்துவிட்டது. பதினேழாம் நம்பர். சந்தேகமே இல்லை.  கையுறை கிழிந்திருந்ததா? தலைத்துணியில் எங்காவது சொட்டிவிட்டதா? கைகளை மெதுவாக அங்கிக்குள் இழுத்துக்கொண்டாள். அதை நஈமா பார்த்துவிட்டாள்.

"கைய ஏன்டி ஒளிக்கிற? எல்லாரும் மோந்து பாருங்க! என் தம்பி மண்ணுக்குள்ள போயி நாப்பது நாள்தான் ஆகுது. இவ பூ வாசனை பூசிக்கிட்டு உக்காந்திருக்கா!"

"மதினி, நான் பூசல."

"பின்ன எங்கேர்ந்து வருது, சுவத்துலேர்ந்தா? இத்தாவுல இருக்கிறவ எவனுக்காகடி மணக்கிற?"

யாரோ எழுந்து ரேடியோவை நிறுத்தினார்கள். ரிஹாம் தட்டோடு வாசற்படியில் நின்றுவிட்டாள். தௌலத் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பையைத் தேடினாள். அந்தக் கை பையைத் தேடியதைப் பார்த்தபோதுதான் இந்திஸாருக்கு உச்சந்தலைக்கு ஏறியது. தன் மேலேயே சந்தேகப்பட்டோமே என்று தன் மேலேயே கோபம். பதினெட்டு வருஷம் மூக்கை வைத்துப் பிழைத்தவள், எவளோ கத்தினாள் என்று மூக்கை நம்பாமல் போனோமே!

நிதானமாக மூச்சை இழுத்தாள். ரோஜா. மல்லிகை. சந்தனம். அதற்கும் கீழே இன்னும் ஏதோ இருந்தது. டீசல். மட்டமான சிகரெட். புதினா மிட்டாய். கடையில் எந்தப் புட்டியிலும் டீசல் கிடையாது.

"தௌலத் அக்கா, உக்காருங்க" என்றாள். குரல் உயரவில்லை. அவள் குரல் உயராவிட்டால்தான் பயப்பட வேண்டும் என்று தெருவுக்குத் தெரியும். "போறதுன்னா மோந்து பாத்துட்டுப் போங்க." இரண்டு கையையும் நீட்டினாள்.

தௌலத் தயங்கினாள். பிறகு குனிந்தாள். "சோப்பு வாசனை வருது."

"காதுக்குப் பின்னால பாருங்க."

"இங்கயும் சோப்புதான். கொஞ்சம் வெங்காயம்."

மூலையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"இப்ப எங்க மதினி கழுத்துல பாருங்க."

"என்னையா? என்னையா மோந்து பாக்கணும்?" நஈமா துள்ளினாள். ஆனால் தௌலத் பழம் வாங்கினாலும் மூன்று தரம் மோந்து பார்த்து வாங்குகிறவள், விடவில்லை. குனிந்து நிமிர்ந்தாள்.

"யா அல்லாஹ்! மல்லிகைத் தோட்டமே இங்கல்ல இருக்கு!"

"அது இவரோட சால்வை" என்றாள் இந்திஸார். "இருபத்தாறு வருஷம் தினமும் என் கை மிச்சத்தை இதுலதான் துடைச்சேன். எண்ணெய் கம்பளியில ஏறினா லேசுல போகாது. சூடு பட்டா எழுந்திரிக்கும். கணப்புக்குப் பக்கத்துல போயி உக்காந்தது யாரு, நானா? கேக்காம எடுத்துட்டுப் போனது யாரு, நானா? புருஷன் செத்த வீட்டுல, என் பொண்ணு முன்னால, எவனுக்காகன்னு கேட்டீங்களே மதினி, அந்த நாக்கு எப்படிப் புரண்டுச்சு?"

நஈமாவின் முகம் கறுத்தது. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அவளும் ஸப்ரியின் ரத்தம்தானே, அழுதிருந்தால்கூட இந்திஸார் விட்டிருப்பாள். அவள் சால்வையை உருவி இந்திஸாரின் மடியில் வீசினாள்.

"இந்தா, உன் எண்ணெய்ப் பிசுக்கை நீயே வச்சுக்க!" கதவை அறைந்துகொண்டு போய்விட்டாள்.

சால்வை மடியில் கிடந்தது. சூடாக இருந்தது. ஸப்ரி இப்போதுதான் கழற்றிப் போட்ட மாதிரி இருந்தது. இந்திஸார் அதை முகம் வரைக்கும் தூக்கிவிட்டாள். பத்தொன்பது பெண்களும் அவளையே பார்த்தார்கள். கை பாதியில் நின்றது. இத்தா. வாசனை கூடாது. இன்னும் மூன்று மாசம் மிச்சம் இருக்கிறது.

"ரிஹாம், ஒரு நைலான் பை கொண்டா" என்றாள். சால்வையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள், குழந்தையின் ஈரத்துணியைப் பிடிக்கிற மாதிரி. பையில் போட்டு மூன்று முடிச்சுப் போட்டாள். கோபத்தில் இறுக்கியதில் மூன்றாவது முடிச்சில் நகம் பெயர்ந்தது. ஜெயித்தவள் அவள்தான். தௌலத் கைப்பையை மறுபடி கீழே வைத்துவிட்டு இன்னொரு காப்பி கேட்டாள், இத்தா முடிந்த வாரமே பையனோடு வருவதாகச் சொன்னாள். ஆனால் அன்று பாத்திரம் கழுவும்போது இந்திஸார் மூன்று கோப்பைகளை உடைத்தாள். இரண்டு தானாக உடைந்தது, ஒன்று அவள் சுவரில் எறிந்தது.

ஏப்ரலில் மணல் காற்று அடிக்கிற ஒரு காலையில் இத்தா முடிந்தது. இந்திஸார் பதினேழாம் நம்பர் சீசாவை எடுத்தாள். மணிக்கட்டில் ஒரு தீற்று. காதுக்குப் பின்னால் ஒரு தீற்று. நைலான் பையின் முடிச்சைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். ரோஜா, மல்லிகை, டீசல், சிகரெட், புதினா, எல்லாம் ஒன்றாக வெளியே வந்தது. முகத்தைப் புதைத்து நின்றாள். பிறகு உள்ளங்கையில் இருந்த மிச்சத்தை அதில் துடைத்தாள். துடைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

வீடு சும்மா இருந்தது.

"கேளுய்யா!" என்று கத்தினாள். "மாப்பிள்ளை ஊர்வலமான்னு கேளு! வாயில என்ன கொழுக்கட்டையா?" ரிஹாம் சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். அம்மா சுவரைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள், நான்கு மாசமாக வராத கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு, அந்த வெக்கையிலும் கம்பளிச் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள். மூன்றாவது வீட்டு மாடியில் நஈமா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காற்று கீழிருந்து மேலே அடித்தது. நஈமாவின் கை கொடியிலேயே நின்றுவிட்டதை இந்திஸார் பார்த்தாள். தெருவுக்கே கேட்கிற மாதிரி மேலே பார்த்துச் சொன்னாள்.

"எவனுக்காக மணக்கிறேன்னு கேட்டீங்கல்ல? உங்க தம்பிக்குத்தான் மதினி! வேற எவனுக்கு?"

 நஈமா கையிலிருந்த ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு மாடியிலேயே நின்றாள். இந்திஸார் திரும்பிப் பார்க்காமல் கடைக்கு நடந்தாள்.