மும்பையில் இருந்த தம்பிக்குச் சொல்லாத செய்தி

தம்பி எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் 'அவர்' என்று மரியாதையாகப் போடச் சொன்னார்கள். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளையை எப்படி 'அவர்' என்பது? அவன் என்றே எழுதுகிறேன், பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். எட்டாவதோடு நின்றவள் நான். பேசுகிற மாதிரிதான் எழுத வரும்.

உத்திரமேரூரில் பிறந்தான். அம்மா சீக்கிரம் போய்விட்டார். நைனாதான், எங்கள் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், கழனியில் பாடுபட்டு எங்கள் இருவரையும் ஆளாக்கினார். தம்பி காஞ்சிபுரத்தில் ஒரு சின்னக் கல்லூரியில் பி.காம். படித்தான். சென்னையில் பங்குத் தரகர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்துகொண்டே தபாலில் எம்.பி.ஏ. முடித்தான். அங்கேதான் மும்பை இன்வெஸ்ட்மென்ட் பேங்க் ஒன்றில் சேர வேண்டும் என்ற ஆசை அவனைப் பிடித்தது.

"பேங்க் வேலன்னா நம்மூரு சொசைட்டியில கேக்கறது. மும்பை இன்னாத்துக்குடா?" என்றார் நைனா.

"இது அந்த பேங்க் இல்ல நைனா. ஒரு கம்பெனி பெருசாவணும்னா, பணம் போடறவங்களக் கொண்டாந்து சேக்கணும். ஒரு கம்பெனிய இன்னொரு கம்பெனி வாங்கினா, பேசி முடிக்கணும்."

"தரகுன்னு சொல்லு. மாட்டுச் சந்தையில துண்டுக்கு அடியில கை புடிக்கறாங்களே, அதான?"

"அதேதான் நைனா. மாட்டுக்குப் பதிலு கம்பெனி."

அன்றிலிருந்து யார் கேட்டாலும், "எம் புள்ள கம்பெனித் தரகு" என்பார்.

ஆனால் வேலை கிடைக்கவில்லை. நாலைந்து பெரிய கல்லூரிகளில்தான் ஆள் எடுப்பார்களாம். மற்றவர்கள் அனுப்பும் கவரைப் பிரிப்பதே இல்லையாம். எங்கள் வீட்டில் அப்போது போன் கிடையாது. கடைத்தெருவில் மளிகை வைத்திருக்கும் பாய் கடை எண்ணைத்தான் கொடுத்திருந்தான். ஒருமுறை அங்கிருந்தே மும்பைக்குப் பேசினான். கல்லூரிப் பெயரை மூன்று தரம் எழுத்துக்கூட்டிச் சொன்னான். அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

"இன்னாப்பா, காலேஜ் பேரு அவ்ளோ நீளமா?" என்று பாய் கேட்டதும் அவனே சிரித்துவிட்டான். வீட்டுக்கு வந்துதான் அழுதான்.

பிறகு ஒரு சர்க்கரை ஆலை பங்கு வெளியிடப் போவதாகப் பேப்பரில் வந்தது. தம்பி ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊருக்கு வந்து, சைக்கிளில் மானாம்பதி, திருமுக்கூடல் என்று கரும்புக் கொல்லை கொல்லையாகப் போய், "அடுத்த வருஷம் இன்னா போடப் போறீங்க?" என்று கேட்டான். பாதிப் பேர் சவுக்கு என்றார்கள். அந்த ஆலைக்குக் கரும்பு குறையும் என்று பத்துப் பக்கம் டைப் அடித்து அந்த மும்பை பேங்குக்கு அனுப்பினான். அதைப் படித்துப் பார்த்த அதிகாரி ஒருவர் நேர்முகத்துக்கு வரச் சொன்னார்.

அந்த நேர்முகத்தன்று காலையில், கழனிக்குப் போன நைனா வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். தம்பி தங்கியிருந்த லாட்ஜ் எண் என்னிடம் இருந்தது. பாய் போனை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"சொல்லிடும்மா. கொள்ளி வெக்க வேண்டிய புள்ள."

"பதினோரு மணிக்கு இன்டர்வியூ பாய். முடிச்சிட்டு வரட்டும்."

"நாளைக்கு அவன் கேட்டா?"

"கேக்கட்டும். நான் பதில் சொல்லிக்கிறேன்."

வெளியூரில் இருப்பவனுக்குக் கெட்ட சேதியை மெதுவாகத்தான் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். சாயங்காலம் நான் சொன்னபோது அன்றைய ரயில் போய்விட்டிருந்தது. ஐஸ் வைத்தாலும் உடம்பு தாங்காது என்றார்கள். பெரியப்பா மகன் கொள்ளி வைத்தார். தம்பி மூன்றாம் நாள் பால் தெளிக்குத்தான் வந்து சேர்ந்தான். "வேல கெடச்சிச்சா?" என்று யாரோ கேட்டதற்குத் தலையை ஆட்டினான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

ஏழெட்டு வருடம் அங்கே பேரோடு இருந்தான். பெயர் தெரியாத கல்லூரியிலிருந்து விண்ணப்பம் வந்தால் அவனே பிரித்துப் படிப்பானாம். அப்படி வேலைக்கு வந்தவர்கள் சாவுக்கு வந்து என்னிடம் சொல்லி அழுதார்கள்.

ரத்தத்தில் நோய் என்று தெரிந்தும் ஒரு வருடம் எங்களிடம் மூச்சு விடவில்லை. பொங்கலுக்கு வந்தவனை, "இன்னாடா, பாதி ஆயிட்ட?" என்றேன். "ஆபீஸ்ல சோறு சரியில்லக்கா" என்றான். நானும் நம்பி, இரண்டு டப்பா பொரிவிளங்காய் உருண்டை பிடித்துக் கொடுத்தனுப்பினேன்.

கடைசியில் சென்னை ஆஸ்பத்திரியில்தான் பார்த்தேன்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"எல்லாம் நல்லானப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்கா."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "நைனா மொகத்தப் பாக்க வுடாம பண்ணிட்டேன்டா" என்றேன்.

"ஆமாக்கா" என்றான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. பிடித்திருந்த கையையும் விடவில்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டான்.

அன்று ஒவ்வொருவருக்கும் நானே போன் செய்தேன். சுற்றி வளைக்காமல், "தம்பி பூட்டான், வாங்க" என்றேன். போட்டது போட்டபடி வந்தீர்கள். மூன்று நாளும் சோறாக்கி அனுப்பிய பாய் குடும்பத்தாருக்கும், நைனாவுக்குச் செய்ததைத் தம்பிக்கும் செய்த பெரியப்பா மகனுக்கும், மும்பையிலிருந்து ஓடிவந்த அந்த அதிகாரிக்கும், உங்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். நேரமாகிறது, எடுத்துவிடலாம் என்று அன்று பெரியவர்கள் சொல்லச் சொல்ல நான் கேட்கவில்லை. கடைசி ஆள் வந்து முகம் பார்க்கிற வரைக்கும் தம்பியை எடுக்க விடவில்லை.

இப்படிக்கு,
அக்கா