கிரீஸ் எடுக்க இறங்கியவர்

தலைவலி என்றால் தெருவுக்கே சொல்லுவோம். முதுகுவலி என்றால் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு பத்து வீட்டுக்கு மணக்க மணக்க நடப்போம். அதே வலி தொப்புளுக்குக் கீழே ஒரு சாண் இறங்கிவிட்டால் போதும், ஆம்பிளைகள் வாயில் பூட்டு விழுந்துவிடும். வேலைத்தளத்தில் எல்லோரும் பருந்து என்று கூப்பிடும் மனிதரின் வாயிலும் மூன்று வருடம் பூட்டுத்தான் தொங்கியது.

பருந்துக்கு டவர் கிரேன் ஓட்டும் வேலை. இருநூற்றுப் பதினான்கு ஏணிப்படி ஏறினால் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடி, ஒரு வாக்கி டாக்கி, ஆணியில் மாட்டிய சாப்பாட்டுப் பை. எழுந்து நின்றால் கூரை தலையில் இடிக்கும். இருபத்து மூன்று வருடமாக இப்படி உட்கார்ந்தபடியே ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், அடுக்குமாடி என்று எத்தனையோ கட்டடங்களுக்குக் கம்பியும் கான்கிரீட்டும் தூக்கிக் கொடுத்திருக்கிறார். மேலே கழிப்பறை கிடையாது. அதனால் கிரேன்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு: காலையில் ஒரு வாய் தண்ணீர், அடுத்த வாய் சாயங்காலம் இறங்கிய பிறகு. இதை ஏதோ வீரச்செயல் போல ஒருவருக்கொருவர் பீற்றிக்கொள்வார்கள். பருந்துதான் அதில் முதல் ஆள்.

அந்த வீரத்துக்குப் பலன் நாற்பத்தைந்து வயதில் கிடைத்தது. உட்காருகிற இடத்துக்குச் சற்று முன்னால், உள்ளே, சூடான ஆணியை நட்டு அதன்மேல் உட்காரவைத்தது போல ஒரு வலி. ஒண்ணுக்குப் போனால் எரிச்சல். போய் வந்த கையோடு மறுபடி போகவேண்டும் போல ஓர் அவசரம். மருந்துக்கடையில் தலையைக் குனிந்து "சூடு பிடிச்சிருக்கு" என்று சொல்லி மாத்திரை வாங்கித் தின்றார். போகவில்லை. இன்னும் வீரியமான மாத்திரை. வயிறு கெட்டதுதான் மிச்சம்.

பிறகு ஒரு மூலிகைக் கடை. வாசலில் பாய்கிற குதிரைப் படம். உள்ளே இருந்தவர் பருந்து பாதி சொல்வதற்குள்ளேயே கண்ணைச் சிமிட்டி, "புரிஞ்சுபோச்சு, வீட்டுல சந்தோஷம் குறைவு, அதானே?" என்று ஒரு டப்பாவை நீட்டினார்.

பருந்துக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "யோவ், எனக்கு வலிக்குதுய்யா. வலிக்கு மருந்து கேட்டா குதிரையை அவுத்து விடுறியா?"

கடையில் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பருந்து டப்பாவைக் குதிரைக்கு முன்னாலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். மூன்று வருடத்தில் முதல் தடவையாக வலி என்ற சொல்லை நாலு பேர் முன்னால் உரக்கச் சொன்னது அன்றைக்குத்தான்.

அவர் மனைவி ஆயத்த ஆடை கம்பெனியில் ஒரு தையல் வரிசைக்கு மேற்பார்வை. அன்று ராத்திரி அவர் எல்லாவற்றையும் சொல்ல, அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "எங்க லைன்ல நாப்பது பொண்ணுங்க. இடுப்பு வலின்னா மெஷினை நிறுத்திட்டு, சொல்லிட்டு எந்திரிச்சுப் போறாங்க. நீங்க மட்டும் பல்லைக் கடிச்சுக்கிட்டு யாருக்கு மெடல் வாங்கப் போறீங்க? நாளைக்கு லீவு போடுங்க."

மறுநாள் அவளே கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் ஒரு பெண். பருந்து நாற்காலி நுனியில் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா எதையும் சுற்றி வளைக்கவில்லை. சிறுநீரைப் பரிசோதித்தார், தொட்டும் பார்த்தார். கிருமி இல்லை, புற்றுநோய்க்கான அறிகுறியும் இல்லை என்றார்.

"இது நாள்பட்ட புரோஸ்டேட் அழற்சி, மூத்திரப்பைக்குக் கீழ இருக்கிற சுரப்பியில வீக்கம். சுத்தியிருக்கிற தசையும் இறுகிப் போயிருக்கு. ஒரு வகைப் புல்லோட மகரந்தத்துல இருந்து எடுக்கிற மாத்திரை தர்றேன். எல்லாருக்கும் கேக்கும்னு சத்தியம் பண்ணமாட்டேன். சில பேருக்கு வலி குறையுது. மகரந்தம் ஒத்துக்காதவரா நீங்க?"

"பூவை மோந்து பார்த்தே பல வருஷம் ஆச்சு டாக்டர்."

"சரி, மூணு மாசம் பாப்போம். உடம்பு தடிச்சாலோ மூச்சு முட்டினாலோ உடனே நிறுத்திட்டு வாங்க. தசையைத் தளர்த்துற பயிற்சி ஒண்ணு சொல்லித் தர்றேன். ஆனா மாத்திரையை முழுங்கிட்டு நாள் முழுக்க அடக்கிக்கிட்டு உட்கார்ந்தீங்கன்னா, அதைக் குப்பையில போட்டதுக்குச் சமம். தண்ணி குடிக்கணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எந்திரிச்சு நடக்கணும், ஒண்ணுக்கும் போகணும்."

"நான் இருக்கிற இடத்துல நடக்க நாலு அடி கூட இல்லையே."

"அப்ப இறங்கி வாங்க" என்றார் டாக்டர், பக்கத்து அறையிலிருந்து எழுந்து வரச் சொல்வது போல.

இறங்குவதுதான் சிக்கல். தளத்தில் ஒரு விதி உண்டு. கிரேன்காரர் கூண்டை விட்டு இறங்குவதற்கு முன் வாக்கி டாக்கியில் காரணத்தைச் சொல்லவேண்டும். கீழே நிற்கும் சிக்னல்காரர் அதை அப்படியே திருப்பிச் சொல்லி, நோட்டில் எழுதவேண்டும். கொக்கிக்கு ஆள் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியவேண்டுமே, அதற்காக. தளம் முழுக்க ஒரே அலைவரிசை, கிட்டத்தட்ட அறுபது காது.

முதல் நாள் முட்டிக்கொண்டு வந்தபோது பருந்தின் வாயில் வந்தது இதுதான்: "கிரீஸ் தீர்ந்துபோச்சு. எடுக்க இறங்குறேன்."

"ஒண்ணாம் கிரேன், கிரீஸ் எடுக்க இறங்குறார்" என்று சிக்னல்காரர் திருப்பிச் சொன்னார்.

அன்றிலிருந்து தினம் நாலு தடவை கிரீஸ். கேட்டவர்களுக்கு அது ஒன்றும் புதிதாகப் படவில்லை. எதிரே இருக்கும் இரண்டாம் கிரேன்காரர் பல வருடமாக ஹெல்மெட் பட்டை அறுந்துபோனதென்று இறங்குகிறவர்தான். ஆறு வாரத்தில் பருந்தின் வலி பாதியாகக் குறைந்தது. மாத்திரையா, தண்ணீரா, பயிற்சியா, எது கேட்டதென்று டாக்டராலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. வீட்டில் சாப்பிட்டு முடிக்கும்வரை நெளியாமல் உட்கார்ந்தார். மனைவி அதைப் பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி போட்டாள்.

ஆனால் நோட்டு என்று ஒன்று இருக்கிறதே. தள மேனேஜர் அதைப் புரட்டினார். இத்தனை கிரீஸ் குடிக்கிற மெஷினுக்கு, கிரேனைச் சுழலவைக்கும் கழுத்து வளையம் தேய்ந்திருக்கவேண்டும் என்று பயந்துபோய் மெக்கானிக்கை வரவழைத்தார். மெக்கானிக் விடிந்ததும் ஏறிப் பார்த்தார். வளையம் கல்லு மாதிரி இருந்தது. கிரீஸ் டப்பாவின் மூடிகூடத் திறக்கப்படவில்லை.

அன்று கான்கிரீட் போடும் நாள். பருந்து மேலே போய்ச் சேர்ந்து, முதல் தொட்டியைத் தூக்கத் தயாரானபோது மேனேஜரின் குரல் அலைவரிசையில் வந்தது.

"ஒண்ணாம் கிரேன். மெஷின்ல ஒரு குறையும் இல்ல. ஆறு வாரமா எதுக்கு இறங்கினீங்க? பதில் சொல்லுங்க. இல்லேன்னா இன்னைக்கு வேலை முடிஞ்சதும் சாவியைக் குடுத்துட்டுக் கிளம்பலாம்."

பருந்தின் செல்போன் அடித்தது. சிக்னல்காரர். "அண்ணே, பீடி குடிக்க இறங்கினேன்னு சொல்லிடுங்க. ஒரு நோட்டீஸோட போயிடும். இனிமே இறங்கமாட்டேன்னு சொன்னா விட்டுருவாங்க."

நல்ல மனசோடு சொன்ன யோசனைதான். பீடிக்காரன் என்ற பெயர் வந்தால் யாரும் சிரிக்கமாட்டார்கள். நாற்காலியும் மிஞ்சும். அடியில் அந்த ஆணியும் மிஞ்சும். பருந்து பாட்டிலைத் திறந்து நிதானமாக நாலு மடக்குத் தண்ணீர் குடித்தார். கோபம் வந்தது. மேனேஜர் மேல் இல்லை, மூன்று வருடம் பூட்டிக் கிடந்து, ஆறு வாரம் பொய் சொன்ன தன் வாய்மேல். வாக்கி டாக்கியை அழுத்தினார்.

"ஒண்ணாம் கிரேன் பேசுறேன். கிரீஸ் பொய். எனக்கு புரோஸ்டேட்ல அழற்சி. வைத்தியம் நடக்குது. ஒண்ணுக்குப் போகத்தான் இறங்கினேன்."

எங்கேயோ ஒருவன் களுக்கென்று சிரித்தான்.

"சிரிச்சவரு நல்லா சிரிச்சுக்கட்டும். அவரு தலைக்கு மேல ரெண்டு டன் தொங்குறப்ப, அடக்கிக்கிட்டு நெளியற ஆள் ஓட்டணுமா, போயிட்டு வந்து நிம்மதியா உட்கார்ந்திருக்கிற ஆள் ஓட்டணுமான்னு அவரே சொல்லட்டும்."

சிரிப்பு நின்றது. மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "இதை அப்புறம் பேசிக்கலாமே. எல்லாரும் கேக்குறாங்க."

"கேக்கட்டும் சார். கிரேன் ஓட்டத் தடை இல்லைன்னு டாக்டர் எழுதின கடிதம் என் பையில இருக்கு. நாளைக்கும் நாலு தடவை இறங்குவேன். கான்கிரீட் போடுற அன்னைக்கும் இறங்குவேன். வேண்டாம்னா இப்பவே சொல்லுங்க, சாவியோட வர்றேன்."

கேட்டுக்கு வெளியே ஏழு கான்கிரீட் லாரிகள் முதுகிலிருந்த உருளையைச் சுழற்றிக்கொண்டு நின்றன. இரண்டாம் கிரேன்காரருக்கு அவர் கூண்டிலேயே வேலை; இந்த உயரத்துக்கு ஏறி ஓட்டத் தெரிந்த வேறு ஆள் அன்றைக்கு இல்லை. மேனேஜர் லாரிகளைப் பார்த்தார், மேலே பார்த்தார். "சாயங்காலம் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டுங்க. இப்ப தொட்டியைத் தூக்குங்க" என்றார்.

இரண்டு மணி நேரம் ஓடியது. பருந்து கொக்கியைப் பத்திரமான இடத்தில் நிறுத்தினார்.

"ஒண்ணாம் கிரேன். ஒண்ணுக்குப் போக இறங்குறேன்."

கீழே சிக்னல்காரர் ஒருமுறை சுற்றிலும் பார்த்தார். விதிப்படி அதை அப்படியே சொல்லியாகவேண்டும். கனைத்துக்கொண்டார். "ஒண்ணாம் கிரேன், ஒண்ணுக்குப் போக இறங்குறார்." சொன்னதை நோட்டிலும் எழுதினார்.

பருந்து ஏணியில் பாதி தூரம் இறங்கியிருப்பார். இடுப்பில் தொங்கிய வாக்கி டாக்கி கரகரத்தது. எதிர்க் கூண்டிலிருந்து, தயங்கித் தயங்கி ஒரு குரல்.

"ரெண்டாம் கிரேன். ஹெல்மெட் பட்டை நல்லாத்தான் இருக்கு. நானும் ஒண்ணுக்குப் போக இறங்குறேன்."