அண்ணாவின் துண்டுப்பிரசுரத்தில் என் அப்பா

அந்த ஈஸ்டர் ஞாயிறு மத்தியானம் டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஐந்து பேர் இருந்தோம். லண்டனிலிருந்து வந்திருந்த பெரியப்பா, பெரியம்மா, அவர்களுடைய மகனாகிய அண்ணா, என் அம்மா, நான். அப்பா இல்லை. இருக்கிற நாற்காலி போதாது என்று, அடுக்குமாடியின் நிலவறைக்கு இரண்டு நாற்காலி எடுக்கப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் அண்ணா பையைத் திறந்து, அச்சகத்திலிருந்து புதிதாக வந்திருந்த தேர்தல் துண்டுப்பிரசுரங்களில் ஒரு கட்டை எடுத்து மேசையில் வைத்தார். அறையில் இல்லாத அப்பா அந்தத் தாளின் நடுவில் நின்றார். வெள்ளை மேலங்கி, வெள்ளைத் தொப்பி, முழங்கால் வரை றப்பர்ச் சப்பாத்து. அவர் வேலை செய்த இறைச்சி ஆலையில் ஒருமுறை தொழிலாளர்களின் குடும்பங்களை அழைத்துச் சுற்றிக் காட்டினார்கள். அன்று ஆலை வாசலில் எடுத்த படம் அது. பக்கத்தில் பன்னிரண்டு வயது அண்ணா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார். மறுபக்கத்தில் ஆறு வயதில் நானும் நின்றேன். அந்தப் பக்கத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். அப்பாவின் கையைப் பிடித்திருந்த என் விரல்கள் மட்டும் ஓரத்தில் மிஞ்சியிருந்தன. படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் ஒரு வரி. அதன் பொருள்: டென்மார்க்கின் குளிர் ஆலையில் பன்றி வெட்டிய ஒரு தொழிலாளியின் மகன் நான்.

பன்றி வெட்டியவர் என் அப்பா. அண்ணாவின் அப்பா ஒருநாளும் கத்தி பிடித்தவரில்லை. பெரியப்பா யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்க மனேச்சர். டென்மார்க்குக்கு வந்து, தலைநகருக்குப் பக்கத்துப் புரொண்பியில் குடியிருந்தபோதும் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதியவர். லண்டனில் அவருக்கு இரண்டு பெற்றோல் நிலையங்கள், வாடகைக்கு விட்ட ஒரு வீடு. அம்மாவின் அக்காவாகிய பெரியம்மாவுக்குச் சீதனம் கொடுத்து முடிந்தபோது அம்மாவுக்குக் கொடுக்க வீட்டில் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. அதனால் அக்காவுக்கு மனேச்சரும் தங்கைக்கு நாலாம் வகுப்போடு பள்ளியை விட்ட என் அப்பாவும் வாய்த்தார்கள். இதை யாரும் எங்கள் வீட்டில் குறையாகச் சொன்னதில்லை. ஆனாலும் பெரியப்பா வந்தால் எந்தக் கதிரை, அப்பா எங்கே இருப்பார் என்பதெல்லாம் சொல்லாமலே எங்களுக்குத் தெரியும்.

பெரியப்பாவும் பெரியம்மாவும் டெனிஷ் கடவுச்சீட்டோடு லண்டன் போய், அங்கே காலூன்றுவதற்கு எடுத்த ஒரு வருடம் அண்ணாவை எங்கள் வீட்டில்தான் விட்டிருந்தார்கள். அந்த வருடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். என் கட்டில் அவருக்குப் போனது. அது பெரிய விஷயமில்லை. அப்பா விடியமுன் வேலைக்குப் போய்ப் பின்னேரம் வந்து, சோபாவிலே சரிந்து படுத்துவிடுவார். நான் போய்த் தோளைப் பிடித்து உலுக்கினாலும் எழும்ப மாட்டார். அண்ணாவுக்குக் கால்பந்துப் பயிற்சி என்றால் மட்டும் எழும்பி, மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மைதானத்தின் ஓரத்தில் போய் நிற்பார். தாய் தகப்பனைப் பிரிந்து நிற்கிற பிள்ளை என்ற இரக்கம் அது என்று இப்போது விளங்குகிறது. விளங்கி என்ன? அப்பா அவரைச் செல்லமாக “அப்பன்” என்று கூப்பிட்டார், என்னை “டேய்” என்று கூப்பிட்டார். ஆறு வயதில் இதைவிடப் பெரிய அநியாயம் உலகத்தில் இல்லை.

அண்ணா போன பிறகு நான் படித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து, அதற்கும் மேலே போன முதல் ஆள் நான்தான். ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானம் எடுத்து, கடைசி ஆய்வுக்குப் பிரித்தானிய அரசியலில் வர்க்கத்தின் இடம் என்ற தலைப்பைத் தேர்ந்தேன். ஏன் பிரித்தானியா என்று பேராசிரியர் கேட்டார். அங்கே அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறார்கள் என்றேன். அது உண்மைதான். டென்மார்க்கில் எல்லோரும் சமம், ஆகவே யாரும் கேட்பதில்லை. ஐந்து வருடம் கூடப் படித்தவர்களில் ஒருவர்கூட உன் அப்பா என்ன வேலை என்று என்னிடம் கேட்கவில்லை, கேட்பது நாகரிகமில்லை. அவர்களுடைய கோடைகால வீடுகளுக்குப் போய் வந்திருக்கிறேன், பெற்றோரின் புத்தக அலுமாரிகளைப் பார்த்திருக்கிறேன். ஏணி இருந்தது, அதைச் சுவரின் நிறத்திலேயே பூசி வைத்திருந்தார்கள். இங்கிலாந்திலோ ஒருவர் வாயைத் திறந்த உடனேயே அவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று மற்றவருக்குத் தெரிந்துவிடுமாம்.

நான் எழுதியதன் சாரம் இதுதான். ஒரு காலத்தில் அங்கே ஒருவர் செய்யும் வேலையைக் கொண்டே அவர் எங்கே வாக்குப் போடுவார் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். சுரங்கமும் துறைமுகமும் ஆலையும் சிவப்புக் கட்சிக்கு. சொந்த வீடும் கழுத்துப்பட்டியும் நீலக் கட்சிக்கு. பிறகு சுரங்கங்கள் மூடின. அரசாங்க வீடுகளில் வாடகைக்கு இருந்த பலர் அதே வீடுகளை வாங்கிச் சொந்தக்காரர் ஆனார்கள். பிள்ளைகள் பல்கலைக்கழகம் போய்ப் பெரிய நகரங்களில் தங்கிவிட, ஊரில் மிஞ்சிய தாய் தகப்பன் தங்களை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு, பரம்பரையாகப் போட்ட கட்சியை விட்டு வேறு பக்கம் போனார்கள். தொழிலாளர்கள் கட்டிய கட்சியின் கூட்டத்தில் இன்றைக்கு வழக்கறிஞரும் விரிவுரையாளரும் நிறைந்திருக்கிறார்கள். தொழிலாளி குறையக் குறையத் தொழிலாளியின் மகனுக்கு மதிப்பு ஏறிவிட்டது. பாட்டன் சுரங்கத்தில் இறங்கியதைச் சொல்லாமல் அங்கே யாரும் மேடை ஏறுவதில்லை. இதையெல்லாம் நான் அடிக்குறிப்போடு எழுதினேன். என்னுடைய ஆய்வைப் பேராசிரியரும் இன்னொரு பரிசோதகரும் வாசித்தார்கள். அண்ணா அதில் ஒரு பக்கமும் வாசிக்கவில்லை, ஆனால் அதைச் செய்து காட்டினார்.

லண்டன் புறநகர் ஒன்றின் மாநகர சபைக்குச் சிவப்புக் கட்சி அவரை நிறுத்தியது. ஒருமுறை ஒரு சனிக்கிழமை அவரோடு கதவு தட்டப் போனேன். மாடிக் குடியிருப்புகளில் அவருடைய ஆங்கிலம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, எழுத்துகளை விழுங்கிக்கொண்டு வந்தது. இரண்டு தெரு தள்ளி, மரங்கள் நிற்கிற பெரிய வீடுகளின் வாசலில் அதே ஆங்கிலம் பொத்தான் எல்லாம் பூட்டிக்கொண்டு நின்றது. “எப்படி அண்ணா?” என்று கேட்டேன். “என்னடா எப்பிடி? ஆக்களுக்கு ஏத்த மாதிரிக் கதைக்கிறதுதானே” என்று சிரித்தார். நான் பல மாதம் உட்கார்ந்து எழுதிய ஒரு முழு அத்தியாயம் அவருக்கு வெறும் கதைக்கிற பழக்கம்.

ஈஸ்டருக்கு முந்திய மாரிகாலத்தில் அவர் தனியாக ஓகூஸ் வந்தார். என்னைப் பார்க்க வந்தார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் அப்பாவைப் பார்க்க வந்திருந்தார். இரண்டு நாள் சமையலறை மேசையில் அப்பாவுக்கு முன்னால் கைத்தொலைபேசியைப் பதிவுக்கு வைத்துவிட்டு, “சித்தப்பா, அந்த ஆலைக் கதையைச் சொல்லுங்கோ” என்றார். அப்பா சொன்னார். என்னால் நம்ப முடியவில்லை. ஆலை மூடி அவர் ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு மாறிய பிறகு அந்தப் பெயரையே எடுக்காத மனிதர், விரல் விறைக்கிற குளிரை, இடது கையில் போடுகிற இரும்பு வலைக் கையுறையை, எத்தனையோ வருடம் தோளோடு தோள் நின்றும் காலநிலையைத் தவிர வேறொன்றும் பேசாத பக்கத்து டெனிஷ்காரரை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒருநாள் வேலைநிறுத்தம் நடந்ததாம். “எல்லாரும் கத்தியை வைச்சிட்டு வெளிக்கிட்டினம். நானும் வெளிக்கிட்டன். வெளியில வந்துதான் பக்கத்தில நிண்டவனைக் கேட்டன், ஏனடாப்பா வந்தனாங்கள் எண்டு.” அண்ணா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பாவும் சிரித்தார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றேன். பிரித்தானியத் தொழிலாளரின் வேலைநிறுத்தங்களைப் பற்றி மூன்று புத்தகங்களிலிருந்து மேற்கோள் காட்டியவன் நான். எங்கள் வீட்டில் ஒருவர் வேலைநிறுத்தம் செய்திருக்கிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

இப்போது அந்த வேலைநிறுத்தமும் துண்டுப்பிரசுரத்தில் இருந்தது. என் தகப்பன் தோழர்களுக்காகக் கத்தியைக் கீழே வைத்தவர் என்று அச்சாகியிருந்தது. நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மனதில் வந்ததெல்லாம், அதில் என் விரலும் இருக்கிறது என்ற சின்னப் பிள்ளைத்தனமான ஒன்றுதான். எனக்கு முன்னால் பெரியப்பா கண்ணாடியைப் போட்டு வாசித்து முடித்துவிட்டார்.

“இதென்ன இது? ஆர் தகப்பன்?”

“அப்பா, அது அரசியல். சித்தப்பா எண்டாலும் அப்பா மாதிரித்தானே. ஒரு வருசம் அவர்தானே என்னை வளர்த்தவர். அங்கிள் எண்டு போட்டா அவங்களுக்கு ஒண்டும் விளங்காது.”

“அப்ப நான் ஆர்? சங்கத்து மனேச்சரா இருந்தனான். கையெழுத்துப் போட்டுச் சம்பளம் குடுத்தனான். லண்டன் முழுக்க என்னைப் பண்டி வெட்டுறவன் எண்டு அறிவிக்கிறியோ? நான் பண்டி வெட்டுறவனோ?”

“இஞ்சருங்கோ, மெல்ல” என்றார் பெரியம்மா, வாசலைப் பார்த்துக்கொண்டு. அப்பா வந்து நின்றார். இரண்டு கையிலும் இரண்டு நாற்காலி. எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை, கடைசி வசனம் போதுமானது. அண்ணா அவருடைய கதையை எடுத்துக்கொண்டது அவருக்கு முன்பே தெரியும்; அண்ணா தொலைபேசியில் கேட்டபோது, “உனக்கு உதவுமெண்டாப் போடு அப்பன்” என்று சந்தோஷமாகவே சொன்னாராம். அதில் அவருக்கு ஒரு காயமும் இல்லை. காயம் இப்போது, பெரியப்பாவின் குரலில் அந்தச் சொல் வெளியே வந்த விதத்தில் பட்டது. தன் வேலையை வைத்து ஒரு கட்சி ஒரு நாட்டில் வாக்குக் கேட்கிறது என்று சில வாரங்களாகப் பெருமையோடு திரிந்த மனிதர், தன் வீட்டுக்குள்ளேயே அது இன்னும் சொல்லக்கூடாத வேலை என்று கேட்டுக்கொண்டு நின்றார்.

நாற்காலிகளை மேசையோடு சேர்த்துப் போட்டுவிட்டுப் பெரியப்பாவின் பக்கம் தலையை அசைத்தார். “அண்ணை சொல்லுறது சரி. நீ அவரின்ர பிள்ளை. அதை எடுத்துவிடு, அப்பன்.”

“சித்தப்பா, உங்களுக்குக் கோவமோ?”

“எனக்கென்ன கோவம். இருங்கோ எல்லாரும், கறி ஆறுது.”

ஈஸ்டருக்கு எங்கள் வீட்டில் எப்போதும் பண்டிக்கறிதான். முதல்நாள் அப்பா வெட்டி, அம்மா சமைத்தது. பெரியப்பா சாப்பிட்டார், இரண்டாம் தரமும் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினார். அம்மா அகப்பையோடு நின்றபடி, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் கேட்டார்: “பண்டி வெட்டுறவர் வெட்டின கறிதான் அத்தான், இன்னும் கொஞ்சம் போடட்டோ?” பெரியம்மாவுக்குப் புரைக்கேறியது. பெரியப்பா கோப்பையை இழுக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் வைத்திருந்தார். அம்மா நிறையப் போட்டார்.

அன்று இரவு வரை அண்ணா கட்சி அலுவலகத்தோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். புதிய தாளில் அப்பா இல்லை, பெரியப்பாவும் இல்லை. கடுமையாக உழைக்கும் குடும்பத்தில் பிறந்தவர் என்று மட்டும் இருந்தது. அது யாரையும் குறிக்காத வசனம், ஆகவே யாருக்கும் கோபமில்லை. அவர் வென்றார். அது எந்தத் தாளைக் கொடுத்தாலும் சிவப்புக்கு விழுகிற தொகுதி. பட்டதாரிகள் குடியேறிய தெருக்கள். முடிவு வந்த இரவு அவர் முதலில் தொலைபேசி எடுத்தது அப்பாவுக்கு. நான் அடுத்த அறையில் படுத்துக்கொண்டு, அப்பா “சந்தோசம் அப்பன், சந்தோசம்” என்று திரும்பத் திரும்பச் சொல்வதைக் கேட்டேன். என் ஆய்வுக்கு உயர்ந்த புள்ளி வந்த நாளில் அவர் என் தலையைத் தடவினார். இப்படி ஒரு குரல் அன்று வரவில்லை.

மறு அச்சுச் செலவைக் கட்சி ஏற்கவில்லை, பிழை வேட்பாளருடையது என்றது. தானே கட்டுவதாகப் பெரியப்பா சொல்லிவிட்டார், கணக்கைக் கேட்கவுமில்லை. அந்த வாரக் கடைசியில் அப்பா கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டி, பாதியை அண்ணாவுக்கு அனுப்பிவிடச் சொன்னார். ஏன் நீங்கள் கட்ட வேண்டும் என்று கேட்டேன். “என்ர கதையால வந்த செலவுதானே” என்றார். அப்போதும் எனக்குள் முதலில் எழும்பியது பொறாமைதான். அனுப்பினேன். மொத்தம் அறுநூற்று எண்பது பவுண். அப்பாவின் பங்கு முந்நூற்று நாற்பது.