சித்தப்பா கை தூக்கினால்

சங்கரன்கோவில் பக்கம் கோல்ஃப் விளையாடினார்கள் என்றால் இன்று எங்கள் ஊர்க்காரர்களே நம்புவதில்லை. நான் கண்ணால் பார்த்தவள். குருவிகுளம் போகிற பாதையில், மழையை மட்டுமே நம்பிக் கிடந்த கரிசல் காட்டுக்கு நடுவே, நூல் மில் முதலாளி ஒருவர் ஆறு குழிகள் வைத்துப் புல் மைதானம் போட்டிருந்தார். நூல் வாங்க வருகிற வெளிநாட்டுப் பெரிய மனிதர்களைக் குளிர்விக்கத்தான். சனங்கள் அதைப் பந்துத் தோட்டம் என்றார்கள்.

அந்தப் புல்லைப் பார்த்துக்கொண்டவர் என் சித்தப்பா. அவரோடு பனவடலிசத்திரத்திலிருந்து நான்கு பெண்கள் வந்து கோரையைக் கொத்தி எடுப்பார்கள். எனக்கு அப்போது ஏழு வயது. முழுப்பரீட்சை லீவில் சித்தப்பாவின் மொபெட்டில் முன்னால் நின்றுகொண்டு நானும் போனேன். முதல் நாள் அந்தப் பச்சையைப் பார்த்ததும், யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

விளையாடுகிறவர்களும் வேலை செய்கிறவர்களும் ஒரே நேரத்தில் அந்தப் புல்லில் இருப்பார்கள். அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். எதிரே ஆள் இருக்கும்போது பந்தை அடிக்கக் கூடாது. சித்தப்பா பெண்களை ஒதுக்கி நிறுத்திவிட்டுக் கையைத் தூக்குவார், அதற்கப்புறம்தான் அடி. கார் நுழைந்தாலே மில் முழுக்க எழுந்து நிற்குமே, அந்த முதலாளி, வெயிலில் மட்டையை ஊன்றிக்கொண்டு சித்தப்பாவின் கையையே பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்குப் புல்லரித்துப் போயிற்று. எங்கள் வீட்டிலோ சித்தப்பா குழம்புக்கு உப்புக் கேட்டால்கூட யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கை தூக்கியபின் அடுத்த கட்டுப்பாடு எங்களுக்கு. பந்துக்காரர் குனிந்துவிட்டால் யாரும் அசையக் கூடாது, பேசக் கூடாது. புல் வெட்டுகிற மிஷின் நின்றுவிடும். பெண்கள் களைக்கொத்தியைப் பிடித்தபடி சிலையாக நிற்பார்கள். நான் மூச்சைக்கூட அடக்கிக்கொள்வேன்.

ஓர் அதிசயம் மட்டும் பாக்கியிருந்தது. பூமிக்குள் புதைத்த குழாய்கள் தலையை நீட்டித் தண்ணீர் பீச்சும் என்று அந்தப் பெண்கள் சொல்லியிருந்தார்கள். மோட்டாருக்கு வேண்டிய மும்முனைக் கரண்ட் அந்த வாரம் சாயங்காலம்தான் வந்தது. அதற்குள் சித்தப்பா என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவார். மறுவாரம் முறை மாறி, காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் என்றதும் நான் சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டேன்.

"நாளைக்குக் காட்டுதேன் மக்கா. எட்டரைக்கெல்லாம் அவுக ஆடி முடிச்சிட்டுப் போயிருவாக. ஆட்டோல போட்டுட்டு நானும் ஒங்கூடவே நின்னு பாக்கேன்."

ஆட்டோவில் போட்டுவிட்டால் கரண்ட் வந்த நிமிஷமே மோட்டார் தானாக ஓடும். காடுகரை உள்ளவர்கள் எல்லாரும் அப்படிப் போட்டுவிட்டுத்தான் நிம்மதியாகத் தூங்குவார்கள். பந்துத் தோட்டத்தில் மட்டும் அது கூடாது, கையால்தான் போட வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு.

மறுநாள் போனதுமே சித்தப்பா ஆட்டோவில் போட்டுவிட்டு வந்தார். வெளிநாட்டு விருந்தாளி வந்ததே எட்டரைக்கு. ரொம்பப் பெரிய ஆள் என்று முதலாளியின் நடையிலேயே தெரிந்தது. சித்தப்பா இரண்டு தடவை மோட்டார் ரூம் பக்கம் நடந்தார். இரண்டு தடவையும், ஆட்களை ஒதுக்கிவிடச் சொல்லி முதலாளி கூப்பிட்டுவிட்டார். கடைசியில் சித்தப்பா கை தூக்க, விருந்தாளி குழிக்குப் பக்கத்தில் பந்தின் மேல் குனிந்தார். குனிந்தவர் அடிக்கவில்லை. நிமிர்ந்தார், ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், மறுபடி குனிந்தார். சித்தப்பா அசையாமல் நின்றார். அவர் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. அவருக்கும் என்னைப் போலவே ஆட்டத்தில் அவ்வளவு ஆர்வம் என்று நினைத்துக்கொண்டேன்.

என்றைக்கும் அரைமணி தாமதமாக வருகிற கரண்ட் அன்றைக்குக் கடிகாரம் பார்த்து வந்தது.

முதலில் காலடியில் ஒரு நடுக்கம். அப்புறம் சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு இடத்தில் பூமி திறந்தது. தண்ணீர் பனை உயரத்துக்கு எழும்பிச் சுழன்று விழுந்தது. மேகமே இல்லாத வானத்தின் கீழே மழை! அதற்குள் துண்டு துண்டாக வானவில். என் வாழ்நாளில் அதற்குப் பிறகு அருவி பார்த்தேன், கடல் பார்த்தேன், அப்படி உடம்பு சிலிர்த்ததில்லை. நடுவில் விருந்தாளி குனிந்த வாக்கிலேயே தொப்பலாக நனைந்துகொண்டிருந்தார். முதலாளியின் வெள்ளைச் சட்டையும் உடம்போடு ஒட்டிக்கொண்டது. நான் கையைத் தட்டிக் குதித்தேன்.

சித்தப்பா ஓடிப்போய் நிறுத்திவிட்டு வந்தார்.

"ஆட்டோல போட்டது யாருவே?" என்றார் முதலாளி.

"நாந்தான் மொதலாளி. காட்டு வேலைப் பழக்கம். கையால போடணும்ங்கிறத மறந்துட்டேன்."

விருந்தாளி தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்து முதலாளியும் கொஞ்சம் சிரித்தார். "என்ன மறதிவே ஒமக்கு? இனிமே கவனமா இரும்" என்று சொல்லித் திரும்பியும் விட்டார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. கை தூக்கி இத்தனை பேரை நிறுத்துகிற மனிதரை மறதிக்காரர் என்பதா?

"எங்க சித்தப்பா ஒண்ணும் மறக்கல! எனக்குக் காட்டணும்னுதான் போட்டாரு. நேத்தே சொன்னாரு!"

பெண்கள் நான்கு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். முதலாளி என்னைப் பார்த்தார், அப்புறம் சித்தப்பாவைப் பார்த்தார். "அப்படியாவே?"

"ஆமா மொதலாளி."

முதலாளி அவரைத் தனியே கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். சித்தப்பா மடியிலிருந்து மோட்டார் ரூம் சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அந்த மழையைப் பார்த்தபிறகு யாருக்குத்தான் ஆசை வராது, இனிமேல் முதலாளியே மோட்டார் போடப்போகிறார் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வருகிற வழியில் சித்தப்பா எனக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். அவர் எதுவும் குடிக்கவில்லை. "நான் சொன்னது சரிதான சித்தப்பா?" என்று கேட்டேன். அவருடைய மானத்தைக் காப்பாற்றிய மிதப்பில் இருந்தேன். "சரிதாம்ட்டி" என்றார்.

மறுநாள் விடிந்ததும் வீட்டில் முதலில் எழுந்தது நான்தான். சித்தப்பா போர்வையை முகம்வரை இழுத்துப் படுத்திருந்தார். எனக்கானால் பொறுமையில்லை. வாசலில் நின்ற மொபெட்டில் முன்னால் ஏறி நின்றுகொண்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று விடாமல் ஹாரனை அழுத்தினேன்.